பதினாறு ஹெச்சின் பின்சீட்டு

வலது கால் கியர், இடது கால் பிரேக் என்று சுகந்தி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னதோடு விடாமல் குனிந்து தன் பாதங்கள் இரண்டையும் ஒருமுறை பார்த்தும் கொண்டாள், ஏதோ ஓட்டப்போகிறவள் அவள்தான் என்பது போல. ஓட்டப்போகிறவர் பழைய மோட்டார் சைக்கிளின் வலப்பக்கம் நின்று பெட்ரோலைத் திறந்துவிட்டு, கார்ப்பரேட்டர் தலையைக் கட்டைவிரலால் நாலு தட்டுத் தட்டி, விரலில் ஈரம் ஒட்டியதும் அதை முகர்ந்து பார்த்து, திருப்தியாகி, கிக்கர் மேல் காலை வைத்தார். எழுபத்தொன்பது வயசுக் கால். முதல் உதையில் வண்டி இருமியது, இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. டப், டப், டப் என்று, ஒவ்வொரு டப்புக்கும் நடுவில் அடுத்தது வருமோ வராதோ என்று நினைக்க இடம் விட்டு. அரவங்காடு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் கோடு போட்ட எத்திராஜ், அவள் அப்பா, ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டே, "ஏறு பாப்பா. துப்பட்டாவ இழுத்துச் சொருகிக்கோ. செயின்ல மாட்டுச்சுன்னா துப்பட்டா போனாப் போகுது, செயின் போயிடும்" என்றார். நாற்பத்தேழு வயசில் பாப்பா. அவள் ஏறி உட்கார்ந்தாள். பின்சீட்டு என்பது மட்கார்டின் மேல் முடுக்கிய ஒரு திண்டு, அவ்வளவுதான். முன்னால் அவர் உட்கார்ந்திருந்த ஸ்பிரிங் சீட்டு அவர் எடைக்குக் கிறீச்சென்றது. எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் அவர் ஸ்வெட்டரின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டாள். ஸ்வெட்டருக்குள் இடுப்பு எப்போது இவ்வளவு சின்னதானது. பெங்களூரிலிருந்து தம்பி தினகர் நேற்று போனில் சொன்னது காதில் அப்படியே இருந்தது: "அக்கா, நீ பின்னாடி உக்காந்து ஒரு தடவ போயிட்டு வா. பாரு. சரியில்லேன்னா அதோட நிறுத்திடணும். நான் சொன்னா பையன் மிரட்டறான்னு ஆயிடும், நீ சொன்னா கேப்பார்." கேட்பாரா. எப்படி இந்தப் பேச்சை எடுப்பது, எந்தச் சாக்கில் பின்னால் ஏறிக்கொள்வது என்று ராத்திரி சோற்றைப் பிசைந்தபடி அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவராகத்தான் சொன்னார், நாளைக்குக் குன்னூருக்கு முடி வெட்டப் போறேன், நீயும் வா என்று. கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு முடி வெட்ட. தலையில் இருப்பதே நாலு முடி, அதற்கு இருபது கிலோமீட்டர். அவள் அதிர்ஷ்டம் என்றுதான் அப்போது நினைத்தாள். பரீட்சை எழுதப்போகிறவரே கேள்வித்தாள் கொடுப்பவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்ட மாதிரி.

கேட்டைத் தாண்டி இறக்கத்தில் இறங்கும்போது அவர் வலது கால் நுனியால் கியரை மேலே தூக்கினார், பிறகு கீழே அமுக்கினார், இன்னொரு தடவை கீழே. முதல் கியர் மட்டும் மேலே, மற்றதெல்லாம் கீழே. இந்த வண்டியில் எல்லாமே இப்படித்தான், உலகத்துக்கு மாறாக; உலகம் பிறகு மாறிக்கொண்டது, வண்டி மாறவில்லை. பதினாறு ஹெச். நார்ட்டன் பதினாறு ஹெச். உலக யுத்தத்துக்காகச் செய்து, யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் விட்டு, இரண்டு கை மாறி அப்பாவிடம் வந்து ஐம்பத்திரண்டு வருஷம். மற்ற வண்டிகளில் இன்று வலது கால் பிரேக், இடது கால் கியர். அதுதான் விஷயம். மூன்று வாரத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு போஜனின் புது பைக்கை வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனவர், மார்க்கெட் இறக்கத்தில் காய்கறித் தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்ததும் பிரேக்கை மிதிக்காமல் கியரை மிதித்தார். கேரட்டெல்லாம் ரோட்டில் உருண்டது. முழங்காலில் ஆறு தையல். "சார் பிரேக்கே புடிக்கலீங்க அக்கா, நான் பாத்துட்டே இருந்தேன், இடது கால்ல நச்சுன்னு மிதிச்சார்" என்றார் போஜன், பைக் போன வருத்தத்தைவிட சார் போன வருத்தம் அதிகம் என்பது போன்ற முகத்தோடு, சார் இன்னும் எங்கேயும் போகாதபோதே. இடது கால். இந்த வண்டியில் பிரேக் இருக்கும் கால். அப்படியானால் அது தப்பே இல்லை, ஆபத்து என்றதும் கால் தனக்குத் தெரிந்த பிரேக்கைத் தேடிப்போய் மிதித்திருக்கிறது, பிரேக் அங்கே இல்லாதது காலின் குற்றமா. தினகர் போனில் மூளை மூளை என்கிறான், டாக்டர் என்கிறான், ஸ்கேன் என்கிறான். இது மூளையே இல்லை, கால், காலின் பழக்கம். அவளே பர்மிங்ஹாமில் இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டிவிட்டு போன ஜூனில் கோயமுத்தூர் திரும்பியதும், ஒவ்வொரு திருப்பத்திலும் இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டுக்கொண்டிருந்தாள், அங்கே இடது கையில் இருந்தது இங்கே வலது கையில் என்பதால். கொளுத்துகிற வெயிலில் காந்திபுரம் சிக்னலில் வைப்பர் ஆட, பக்கத்து ஆட்டோக்காரர் சிரித்தார். யாரும் ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. நாற்பத்தேழு வயசுக்காரி வைப்பரைப் போட்டால் வெளிநாட்டுப் பழக்கம், எழுபத்தொன்பது வயசுக்காரர் கியரை மிதித்தால் மூளை. ஆனால், இந்த ஆனாலில் வந்துதான் அவள் மூன்று நாளாக இடறுகிறாள், ஆனால் தொழிற்சாலை நாட்களில் அவர் நண்பர்களின் புது வண்டிகளையெல்லாம் வாங்கி ஓட்டியிருக்கிறார், கடனாக வாங்கிய சட்டை மாதிரி ஒரு நிமிஷத்தில் பழகிக்கொள்வார், ஒரு தடவை கூடக் கால் தப்பியதில்லை. அப்போது தப்பாத கால் இப்போது ஏன். மழை பெய்திருந்தது. மழை அப்போதும் பெய்யும், இது நீலகிரி. வயசு. வயசு என்றால் காலுக்கா மூளைக்கா. கால் எங்கே முடிந்து மூளை எங்கே தொடங்குகிறது. எப்படிச் சுற்றினாலும் அவள் தள்ளுவண்டிக்கு முன்னால்தான் வந்து நின்றாள், கேரட் உருண்டுகொண்டே இருந்தது.

அதனால்தான் இந்த வண்டியிலேயே பார்த்துவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். இது அவர் வண்டி. இதில் கால் தப்பினால் அது பழக்கமில்லை, வேறு. இதில் தப்பாவிட்டால் தினகரிடம் சொல்லிவிடலாம், போஜன் வண்டியை இனிமேல் தொடமாட்டார், அவ்வளவுதான், தூங்கு. முதல் கொண்டை ஊசி வந்தது. அவர் முன்னாலேயே கியரைக் குறைத்து, இடது காலை லேசாக வைத்து, ஹாரனை ஒருமுறை அமுக்கி, வெளி ஓரத்திலிருந்து உள்ளே வாங்கி, வண்டியைச் சாய்க்கிறாரா வண்டி தானாகச் சாய்கிறதா என்று தெரியாதபடி திருப்பினார். ஒன்று, என்று அவள் எண்ணினாள். கீழே தேயிலை, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் மூட்டம் பஞ்சு பிரித்த மாதிரி கிடந்தது. பச்சைத் தேயிலை மூட்டைகளோடு ஒரு லாரி எதிரே ஏறி வர, அவர் ஓரம் கட்டி வழிவிட்டு, லாரிக்காரருக்கு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டு. எண்ணுவதை நிறுத்து, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள், பள்ளிக்கூடத்து மிஸ் மாதிரி. நிறுத்த முடியவில்லை. சரியில்லாவிட்டால் என்ன செய்வது என்பதையும் நிறுத்த முடியவில்லை. "சரியில்லேன்னா சாவிய எடுத்து உன் கைப்பையில போட்டுக்கோ அக்கா, சிம்பிள்" என்றிருந்தான் தினகர். அப்பா வண்டியின் மீது வளர்ந்தவன், பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவன், அவனுக்கே ஞாபகமில்லை: இந்த வண்டிக்குச் சாவி கிடையாது. ஏதடா சாவி என்று அவள்தான் கேட்க வேண்டியிருந்தது. யுத்தத்தில் எந்தச் சிப்பாயும் எந்த வண்டியையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டுமே, சாவியைத் தேடிக்கொண்டிருந்தால் குண்டு விழுந்துவிடும் என்று அப்பா சொல்வார். உதைத்தால் ஓடும். இஞ்சினை நிறுத்துவதற்குக் கைப்பிடியில் ஒரு சின்ன லிவர், அதை இழுத்தால் மூச்சு விட்டு அணைந்துவிடும். எடுத்து ஒளித்துவைக்க இதில் ஒன்றுமே இல்லை. ப்ளக்கைக் கழற்றிக்கொள்ளலாம், அலமாரியில் இன்னும் ஏழு ப்ளக் வைத்திருக்கிறார். ஷெட்டைப் பூட்டலாம், ஷெட்டுக்குக் கதவே இல்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று தினகர் சொல்ல வாயெடுத்தபோது அவள் போனை வைத்துவிட்டாள். எடுக்க முடியாது, அவராகத்தான் தர வேண்டும். அவர் எதையும் சும்மா தந்ததில்லை. தொழிற்சாலையில் ஒரு ரப்பரைக் கடன் கேட்டாலும் எதற்கு, எந்தக் கோட்டுக்கு, ஏன் முதலிலேயே சரியாகப் போடவில்லை என்று மூன்று கேள்வி கேட்டுத்தான் தருவாராம். அவள் நிறுத்தணும்பா என்றால் முப்பது கேள்வி கேட்பார். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள், தமிழில் பாதி இங்கிலீஷில் பாதி, தமிழில் சொன்னால் வலிக்கிறதை இங்கிலீஷில், இங்கிலீஷில் சொன்னால் ஆபீஸ் மாதிரி இருப்பதைத் தமிழில். நாக்கின் கீழே மாத்திரை மாதிரி அதுகள் கரைந்துகொண்டிருந்தன.

"அப்பா, அந்த லிஸ்ட் இன்னும் ஞாபகம் இருக்கா?" என்று அவர் தோளுக்குப் பின்னாலிருந்து கத்தினாள். எதற்குக் கேட்டோம் என்று உடனே வெட்கமாக இருந்தது. சின்ன வயசில் வண்டியின் டேங்கில் தினகரும் பின்னால் இவளுமாகப் போகும்போது அவர் சொல்லிக்கொண்டே ஓட்டும் லிஸ்ட், நார்ட்டன் கம்பெனி செய்த மாடல்கள் எல்லாம் வரிசையாக, ஆபீஸுக்கு வந்த இங்கிலீஷ் பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டி அவர் மனப்பாடம் செய்தது. வாய்ப்பாட்டுக்கு முன்னால் இவளுக்கு அதுதான் பாடமானது. "எந்த லிஸ்ட்?" என்றார். "நார்ட்டன் லிஸ்ட்பா." "அப்படிக் கேளு. பிக் ஃபோர். பதினாறு ஹெச். பதினெட்டு. இ.எஸ்.டூ. இன்டர்நேஷனல். மாங்க்ஸ். மாடல் செவன். எண்பத்தெட்டு. தொண்ணூத்தொம்போது. ஜூபிலி, நேவிகேட்டர், எலெக்ட்ரா. அட்லஸ். கமாண்டோ. போதுமா?" ஒவ்வொரு பேருக்கும் இஞ்சின் ஒரு டப் வைத்தது. போதும் என்று சொல்ல வந்தவள் சொல்லவில்லை. பதினெட்டுக்கு அப்புறம் பத்தொன்பது எங்கே. பதினாறு ஹெச், பதினெட்டு, பத்தொன்பது என்றுதான் அவள் சொல்லுவாள், யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு. இல்லை, அப்படிச் சொன்னாளா? பதினெட்டுக்கு அப்புறம் பத்தொன்பது வரும் என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும், இல்லாத மாடலை அவளாகவே சேர்த்துக்கொண்டிருக்கலாம், அப்பா திருத்தாமல் விட்டிருக்கலாம். பதினேழைத்தான் யாருமே சொன்னதில்லையே, அது ஏன் கேட்கத் தோன்றவில்லை. யார் மறந்தது, அவரா அவளா கம்பெனியா. போனை எடுத்துப் பார்க்கலாம் என்றால் இந்த வளைவில் சிக்னல் இருக்காது, ஓடும் வண்டியில் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போனில் விடை தேடுகிற மகளைப் பற்றியும் அவளுக்கு நல்ல அபிப்பிராயம் வராது. "பத்தொம்போது விட்டுட்டீங்களே" என்றாள், விளையாட்டாகச் சொல்வது போல. அவர் ஒரு வளைவை முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "இருந்தது. சைடுகார் மாட்டறதுக்குன்னு செஞ்சது. நான் அதச் சொல்றதில்ல." "ஏன்?" "புடிக்காது. புடிக்காததயெல்லாம் எதுக்குச் சொல்லிக்கிட்டு?" சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. அந்த ஒரு வளைவு நேரம் எதற்கு? வளைவுக்காகவா, யோசிக்கவா? மறந்துபோனதைப் பிடிக்காதது என்று சொல்லி மூடிவிட அவருக்குத் தெரியாதா, பேச்சில் அவரை மடக்கியவர்கள் யார். நாலு நாளாகச் சாப்பாட்டு மேசையில் அவர் அடித்த ஜோக்குகளையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள், சட்டைப் பையை வெளியே இழுத்துப் பார்ப்பது போல. நேற்று, டீவியில் ஓடிய நியூஸ்காரர் பேர் கேட்டதற்கு, அவன் என்ன என் மாப்பிள்ளையா பேர் தெரிஞ்சு வெச்சுக்க என்றார். முந்தாநாள், என்ன கிழமை என்றதற்கு, ரிட்டயர் ஆனவனுக்கு எல்லாம் ஞாயித்துக்கெழமதான் என்றார். எல்லாம் பழைய அப்பா. எல்லாமே பதில் இல்லாத பதில். போதாததற்கு பிரேஸ்பிரிட்ஜ் தெரு வேறு. நார்ட்டன் கம்பெனி இருந்த தெரு, பர்மிங்ஹாமில். அவள் போன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் ஒவ்வொன்றிலும் கேட்பார், போனியா, பாத்தியா. பஸ்ஸில் போனால் பத்து நிமிஷம். லைப்ரரி வேலை, வீடு, குளிர், அப்புறம் வீட்டில் எதுவுமே சரியில்லாமல் போன வருஷங்கள், அந்தத் தெருவுக்கு அவள் போகவே இல்லை. எட்டாவது வருஷமோ என்னவோ, சலிப்பில், போனேன்பா என்று சொல்லிவிட்டாள். என்ன இருந்தது? செவப்புச் செங்கல் சுவர், பச்சை இரும்பு கேட், கேட்டுக்குள்ள ஒரு மரம். அந்த நிமிஷம் வாயில் வந்தது. அவர் அன்றைக்கு அதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார், சந்தோஷத்தில். நேற்று போஜன் வந்திருந்தபோது அப்பா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், செவப்புச் செங்கல் சுவர், பச்சை கேட்டு, உள்ள ஒரு மரம், நான் பார்த்தேன் போஜன், என்று. நான் பார்த்தேன். பாஸ்போர்ட்டே இல்லாதவர். அது மறதியா, ஆசையா, அல்லது அவள் சொன்ன பொய் பதினாலு வருஷத்தில் அவர் தலைக்குள் வேர் பிடித்து நிற்கிறதா. பொய்யை வைத்தவளே அது உண்மையா என்று அவரைச் சோதிக்க முடியுமா. போஜன் போன பிறகாவது சொல்லியிருக்கலாம், அப்பா நான் போகலை என்று. இப்போது சொன்னால் அந்தத் தெருவும் அவரிடமிருந்து போய்விடும்.

வளைவு திரும்பியதும் காட்டெருமை நின்றது. ரோட்டின் நடுவில், குறுக்காக, முதுகில் பனி மினுங்க, ஒரு பீரோவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன மாதிரி. சுகந்தியின் இரண்டு கைகளும் ஸ்வெட்டரை விட்டுவிட்டு அவர் வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டன, அவளுடைய வலது கால் தன்பாட்டுக்கு இல்லாத பிரேக்கை மிதித்தது, கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள் என்பதே அதைத் திறந்தபோதுதான் தெரிந்தது. வண்டி நிற்கவில்லை. நிற்கவும் இல்லை, வழுக்கவும் இல்லை, நடக்கிற வேகத்துக்கு வந்திருந்தது, அவ்வளவுதான்; அப்பாவின் இடது பாதம் பிரேக் மேல் ஒரு பறவையின் மேல் வைத்த மாதிரி அமுங்கியும் அமுங்காமலும் இருந்தது, வலது கால் இரண்டு கியர் குறைத்திருந்தது, எப்போது குறைத்தது என்று அவளுக்குக் கேட்கக்கூட இல்லை. ஹாரன் அடிக்கவில்லை. காட்டெருமை தலையைத் திருப்பி அவர்களை, முக்கியமாக அவளை, பார்த்தது. வண்டி அதன் பின்பக்கம் விட்டிருந்த மூன்றடி இடத்தில் மெதுவாக நுழைந்து, டப், டப் என்று மரியாதையாகத் தாண்டிப் போனது. மிருகத்தின் வாசனை, ஈரக் கோணி மாதிரி, ஹெல்மெட்டுக்குள் வந்து கொஞ்ச தூரம் கூடவே வந்தது. "பயந்துட்டியா?" என்றார். "இல்லப்பா." "வயித்துல இருந்து கைய எடு, மூச்சு விட்டுக்கறேன்." அவள் கையை எடுத்தாள். பிறகுதான் ஒரு சிரிப்பு கிளம்பியது. கால் தப்பவில்லை. நினைக்க நேரமே இல்லாத இடத்தில் சரியான கால் சரியான இடத்துக்குப் போயிருக்கிறது, தப்பான காலால் மிதித்தது அவள்தான், நல்லவேளை அவளிடம் பிரேக் இல்லை. தினகர், வாபஸ் வாங்கு. போஜன், உங்கள் பைக்தான் தப்பு. கட்டபெட்டு போனதும் சிக்னல் கிடைக்கும், இறங்கி ஒரு டீயைக் குடித்துவிட்டு அவனுக்குப் போன் போட்டு, இனிமேல் மூளை என்று பேசினால் மரியாதை கெட்டுவிடும் என்று சொல்ல வேண்டும். நாலு நாளில் முதல் தடவையாக அவள் பக்கவாட்டில் பார்த்தாள். தோட்டத்தில் நாலைந்து பேர் பிளாஸ்டிக் தாளைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள், அதில் ஒருத்தி ஏதோ சொல்ல மற்றவர்கள் குனிந்தபடியே சிரித்தார்கள். மாதம் ஒருமுறை இப்படி வரலாம், மாதம் ஒருமுறை அவர் பின்னால் உட்கார்ந்து போய் முடி வெட்டிக்கொண்டு வரலாம், அவளும் வெட்டிக்கொள்ளலாம். எண்ணிக்கை எங்கே விட்டது என்று தேடினாள். பதினொன்றில் நின்றுபோயிருந்தது, பரவாயில்லை.

கட்டபெட்டு சந்திப்பில் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டி நின்றார். ஊட்டியிலிருந்து பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது, அதற்கு வழி விடுகிறார் என்று நினைத்தாள். பஸ் போனது. அதன் பின்னால் ஒரு ஜீப், ஜீப்புக்குப் பின்னால் ஸ்கூட்டரில் பால்கேனோடு ஒருவர். அவர்களும் போனார்கள். ரோடு காலியாக இருந்தது. இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, கிளட்சைப் பிடித்தபடி, அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். டீக்கடையில் நின்றவர்கள் பழைய வண்டியைப் பார்த்தார்கள். டீ குடிக்கிற யோசனை அவருக்கும் வந்துவிட்டதோ என்று, "டீயாப்பா?" என்றாள். ஹெல்மெட் ஒரு பக்கம் திரும்பியது, பிறகு இன்னொரு பக்கம், அவசரமில்லாமல், வாத்தியார் போர்டைப் பார்ப்பது போல. பிறகு லிவரை இழுத்தார், இஞ்சின் மூச்சு விட்டு அணைந்தது. அது அணைந்ததும் அவளுக்கு எல்லாமே ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது, டீக்கடை ஸ்டவ், ஒரு ரேடியோ, எங்கோ நாய். "இடது பக்கம் குன்னூர்ப்பா" என்றாள். "போர்டுதான் இருக்கே." "போர்டு தெரியுது பாப்பா. கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஊட்டின்னு ஒண்ணு, குன்னூர்னு ஒண்ணு. நாம எதுக்குக் கெளம்பினோம்ங்கறதுதான்…" அவர் முடிக்கவில்லை. முகம் தெரியவில்லை, ஹெல்மெட்டின் பின்பக்கம்தான் தெரிந்தது, அதில் ஒரு கீறல், அதன் மேல் ஒட்டியிருந்த இன்சுலேஷன் டேப். முடி வெட்ட என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, அவ்வளவு சின்ன விஷயமாக அது இருந்தது. "முடி வெட்டப்பா" என்றாள் கடைசியில். "ஆமா. முடி" என்றார். "இப்ப வந்துடுச்சு." "எத்தன நாளா?" "எப்பவும் இல்ல. வண்டி ஓடிக்கிட்டு இருந்தா ஒண்ணும் இல்ல. நின்னாத்தான். நின்னு மறுபடி கெளம்பறப்ப, எங்கன்னு…" கையுறையைக் கழற்றி, மடித்து, மறுபடி பிரித்துப் போட்டுக்கொண்டார். "அன்னைக்கு போஜன் வண்டியிலயும் அதுதான். எதுக்குக் கெளம்பினேன்னு யோசிச்சுட்டே வந்தேன். காய்வண்டி வந்தப்ப கால் என்ன பண்ணுச்சுன்னே எனக்குத் தெரியல. எல்லாரும் கால், கால்னு அதத்தான் திட்டறாங்க. அது பாவம்." டேங்கைத் தட்டிக்கொடுத்து, "அதுக்குத்தான் உன்னையும் வான்னேன். யாராவது ஒருத்தர் பின்னாடி இருந்தா வண்டி ஓட்டலாமேன்னு" என்றார். பிறகு, "தினகர் என்ன சொல்லி அனுப்பிச்சான்?" என்றார், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில்.

அவள் வண்டியிலிருந்து இறங்கி முன்னால் வந்து நின்றாள். பின்னால் இருந்துகொண்டு சொல்கிற விஷயம் இல்லை அது. அவர் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது, கன்னத்தில் குளிருக்கு இரண்டு சிவப்பு, மூக்கு நுனியில் ஒரு சொட்டு. நாக்குக்கு அடியில் அவள் வைத்திருந்த முப்பது பதில்களும், தமிழும் இங்கிலீஷும், ஒன்றும் கைக்குச் சிக்கவில்லை. "நிறுத்திடணும்பா" என்றாள். இனிக் கேள்விகள் வரும் என்று காத்திருந்தாள், எதுக்கு, எந்தக் கோட்டுக்கு, ஏன். வந்தால் ஒவ்வொன்றுக்கும் அவள் சண்டை போடுவாள், அவரும் போடுவார், டீக்கடையே வேடிக்கை பார்க்கும், அவர் ஜெயித்தாலும் ஜெயிக்கட்டும். "சரி" என்றார். அவ்வளவுதான். ஒரு ரப்பருக்கு மூன்று கேள்வி கேட்கிறவர். சரி என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கையுறையால் துடைத்துக்கொண்டிருந்தார், அவள்தான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், காட்டெருமையிடம்கூட இப்படிப் பயப்படவில்லை, கேளுங்களேன்பா, ஏதாவது கேளுங்களேன். கைப்பைக்குள் போன் அடித்தது. தினகராகத்தான் இருக்கும், சிக்னல் வந்துவிட்டது. அடித்து ஓய்ந்தது. "இன்னைக்கு மட்டும்" என்றார் அவர், கேள்வியாகவும் இல்லாமல் உத்தரவாகவும் இல்லாமல். வேண்டாம் என்று சொல்ல வேண்டும், வண்டியை இங்கேயே டீக்கடையில் விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும், யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி, ஸ்கேன் எடுக்கச் சொல்கிற எவரும் அதைத்தான் சொல்வார்கள். அவர் பாதங்களைப் பார்த்தாள். "முடி வெட்டிட்டு நேரா வீடு. நான் சொல்ற பக்கம்தான் திரும்பணும்" என்றாள். "நீ சொல்ற பக்கம்தான்" என்றார். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. அவள் ஏறி, இந்தத் தடவை ஸ்வெட்டரைப் பிடிக்காமல் அவர் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு, முகத்தை அவர் காதோரம் கொண்டுபோய், "இடது" என்றாள். இடது பக்கம் திரும்பினார். தேயிலைக்கு நடுவில் ரோடு இறங்கியது. முதல் வளைவு வந்தது, "வலது" என்றாள். அடுத்தது, "இடது. மெதுவா. இப்ப வலது." நாலாவது வளைவில் அவர் தோள் குலுங்கியது, அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தாள், சிரித்துக்கொண்டிருந்தார். "வளைவுக்கெல்லாம் சொல்ல வேணாம் பாப்பா. ரோடு போற பக்கம் வண்டி தானாப் போயிடும். ரெண்டா போற எடத்துல மட்டும் சொல்லு, போதும்." சரிப்பா என்றாள். குன்னூர் வரைக்கும் அப்படி எத்தனை இடம் என்று எண்ணிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. அவர் தோளுக்கு மேலாக எட்டி, கண்ணில் காற்று அடிக்க, அடுத்த போர்டைத் தேடியபடி உட்கார்ந்திருந்தாள்.